அட்டையில் செய்த தங்கக் கட்டி

பசை காய்ச்ச மைதா மாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றி, கொதி வரும்போது பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் எழும் புளித்த வாடை இருக்கிறதே, சுரங்கம் மூடப்படுவதற்கு முந்தைய குளிர்காலம் முழுவதும் மைசூர் மைன்ஸ் என்ற தங்கச் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டுச் சோற்றில்கூட அந்த வாடைதான் அடித்தது. அப்பா சுரங்கத்தில் "டிம்பர்மேன்", அதாவது பூமிக்கடியில் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பவர். தொழிலாளர் சங்க விழாவில் போடவிருந்த நாடகத்துக்குச் சாமான்கள் செய்யும் பொறுப்பை அவராகவே தலையில் போட்டுக்கொண்டிருந்தார்.

விழாவுக்கு டில்லி அதிகாரி ஒருவர் வருகிறார், சுரங்கம் நடப்பதும் மூடுவதும் அவர் எழுதுவதில்தான் இருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோன பெரியவர்கள், வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த பாட்டன்மார் முதன்முதலாகக் குழிக்குள் இறங்கிய கதையைக் கண்ணால் பார்த்தாலாவது அவர் மனம் இளகும் என்று நம்பினார்கள். அம்மாவுக்கு அந்த நம்பிக்கை துளியும் கிடையாது. "டிராமா பாத்துட்டு மைன்ஸ மூடாம வுட்ருவானா? இன்னா பேச்சு பேசறீங்க?" என்றாள். "எங்க தாத்தன் எப்டி எறங்கினான்னு அவன் ஒரு தபா பாக்கட்டுமே," என்றார் அப்பா.

அப்பா பார்த்துப் பார்த்துச் செய்தார். "கேஜ்" என்னும் இரும்புக் கூண்டு வருவதற்கு முன்னால் ஆட்களைக் குழிக்குள் இறக்கிய பெரிய வாளியை மூங்கில் பிளாச்சில் கட்டி, நானும் அம்மாவும் கிழித்துக் கொடுத்த பழைய செய்தித்தாளை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் அடுப்புக்கரியும் செங்கல் பொடியும் குழைத்துத் துருவேறிய இரும்பாக மாற்றினார். பால் டின்னில், அந்தக் காலத்தில் குழிக்குள் கொண்டுபோன கார்பைட் விளக்கு வந்தது. முன்பக்கம் களிமண் வைத்து மெழுகுவர்த்தி நட்ட தொப்பிகள் வந்தன. பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுச் செய்ததில் ஒன்றுகூடப் பிசகவில்லை. வாளியை வந்து தொட்டுப் பார்த்த அண்டை வீட்டு செல்வராஜ் மாமா, கிழத் தொழிலாளியாக நடிக்கவிருந்தவர், அதிலேயே சாய்ந்து அழுதுவிட்டார்.

கடைசிக் காட்சியில் அந்தக் கிழவர் ஒரு தங்கக் கட்டியைத் தூக்கிக் காட்ட வேண்டும். அங்கேதான் வேலை நின்றது. தங்கக் கட்டி எப்படி இருக்கும்? யாருக்கும் தெரியவில்லை. மூன்று தலைமுறையாகத் தோண்டிய குடும்பங்களில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. உருக்கும் கூடத்துப் பக்கம் எங்கள் ஆட்களை யார் விட்டார்கள்? "நாம எட்த்தது கல்லுடா, தங்கத்த அவன் எட்த்துகினு பூட்டான்," என்று மாமா சிரித்தார். கடைசியில் அப்பா செங்கல் அளவில் அட்டைப்பெட்டி செய்து, பொன்னிறக் காகிதம் சுற்றினார். பெரிதாக இருந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும் என்பது அவர் கணக்கு.

நாடகம் நன்றாகவே போனது. வாளி இறங்கும்போது பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அதிகாரியும் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். கடைசிக் காட்சியில் மாமா உணர்ச்சிவசப்பட்டுக் கட்டியை ஒரே கையால் தலைக்குமேல் தூக்கி, ஆவேசத்தில் எதிரே நின்றவரிடம் வீசினார். அவர் அதைப் பந்து மாதிரி பிடித்தார். அதிகாரி சிரித்துவிட்டார். அவர் சிரித்ததால் முன்வரிசையும் சிரித்தது.

முடிந்ததும் அதிகாரி மேடைக்கு வந்து அட்டைப்பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். இந்த அளவுக்குத் தங்கம் இருந்தால் பலசாலிகூட இரண்டு கையாலும் தூக்கத் திணறுவான், உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாராம்; பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே வியந்து கேட்டார், அதுதான் இன்னும் எரிகிறது. வாளியைப் பற்றியோ விளக்கைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். வீட்டுக்கு வந்து, "அவன் கேட்டது நாயந்தான். எவ்ளோ கனம்னு எனக்கு எப்டி தெரியும்?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார்.

கொஞ்ச காலத்தில் சுரங்கம் மூடப்பட்டது. நாடகத்தால் மூடினார்கள் என்று சொல்ல நான் பைத்தியம் இல்லை; எப்போதோ முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். ஆனால் அந்த அட்டைக் கட்டியால்தான் மூடினார்கள் என்றே அப்பா சாகும்வரை நினைத்தார். பெங்களூரில் ஒரு நகைக்கடை வாசலில் காவலாளியாக நின்ற வருடங்களில், உள்ளே போய்த் தங்கக் கட்டியைப் பார்த்தீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "கதவ தொறந்து வுடறதுதான் என் வேல," என்றார்.

இப்போது விழா நடந்த கூடத்துக்குக் கூரை இல்லை. சங்கமும் இல்லை, வேலைக்கு அழைக்கும் சங்கொலியும் இல்லை. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கார்பைட் விளக்கு என்றாலே தெரியாது. தங்கக் கட்டியை நானும் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. அந்த நாடகத்தை மறுபடி போட்டால் அதே தவறைத்தான் செய்வோம். ஆனால் போட்டு, யாரிடம் எதைக் கேட்பது?