என் பெயருக்கு வந்த கார்டு

எட்டாம் வகுப்பில் நான் கதாசிரியை ஆனேன். அந்தப் பதவி இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை.

மாநிலத்துக்கே மைசூர் என்று பெயர் இருந்த காலம் அது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வீட்டில் தமிழ், வெளியே கன்னடம். எங்கள் பெண்கள் பள்ளியில் வருஷத்துக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை தயாரிப்போம். ஒரே ஒரு பிரதிதான். அதை ஊர்ப் பள்ளிகளுக்கான போட்டிக்கு அனுப்புவார்கள். அந்த வருஷம் அதற்கு ஆசிரியை, பத்தாம் வகுப்பில் படித்த என் அக்கா. பள்ளியை விட்டுப் போவதற்குள் கேடயத்தை வாங்கிவிட வேண்டும் என்று மூன்று மாதமாகச் சோறு தண்ணீர் மறந்து உழைத்துக்கொண்டிருந்தாள்.

நானும் என் பங்குக்கு உழைத்தேன். அப்பா வாங்கும் மதராஸ் வாரப் பத்திரிகையில் ஒரு கதை வந்திருந்தது. கிணற்றில் விழுந்த மூக்குத்தியை ஒரு குடும்பமே தேடுகிற கதை. அதை வரிக்கு வரி கன்னடத்தில் எழுதி, தஞ்சாவூரை நஞ்சன்கூடு ஆக்கி, அடியில் என் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். நான்கு நாள் முதுகொடிய எழுதியிருக்கிறேன், அது என் கதை இல்லாமல் வேறு யாருடையது? திருடுகிறோம் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை.

கன்னட மிஸ் அதை வகுப்பில் வாசித்துக் காட்டி, இந்த முறை கேடயம் நமக்குத்தான் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா எந்தப் பத்திரிகையையும் அட்டையிலிருந்து கடைசிப் பல்பொடி விளம்பரம் வரை படிப்பவள். என் கதையில் முதல் பக்கம் முடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

"எழுதினவரைக் கேட்டியாடி?"

"அய்யோ, விடுக்கா. நான் கன்னடத்துலதானே எழுதினேன்? இங்க யாருக்குத் தமிழ் தெரியும்?"

"கன்னடம் உன்னுது. கதை அவரோடது."

வாரப் பத்திரிகையின் உள்பக்கத்தில் எறும்பு எறும்பாக இருந்த ஒரு வரியைக் காட்டினாள். அனுமதியில்லாமல் மறுபிரசுரமோ மொழிபெயர்ப்போ செய்யக் கூடாதாம். அதையெல்லாம் படிக்கிற ஆள் எங்கள் வீட்டிலேயே பிறந்திருப்பது என் போதாத காலம் என்று நினைத்தேன்.

அன்றே உட்கார்ந்து ஏதோ கடிதம் எழுதி மதராஸுக்குப் போட்டாள். ஒன்பது நாள் தபால்காரருக்காக வாசலில் நின்றாள். பதில் வரவில்லை. பத்தாம் நாள் பத்திரிகையை அனுப்பியாக வேண்டும். தைப்பதற்கு முன் என் கதையின் ஆறு பக்கங்களையும் எடுத்துவிட்டாள். இது மொழிபெயர்ப்பு, அனுமதி இன்னும் வரவில்லை என்று மட்டும் மிஸ்ஸிடம் சொன்னாள். பள்ளிப் பிள்ளைகள் செய்யும் ஒற்றைப் பிரதி, இதற்குப் போய் யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று மிஸ் கத்தினார். "அவர் பேரைப் போட்டாலும், அவர் சரின்னு சொல்லணுமே மிஸ்" என்றாள் அக்கா. அந்தப் பள்ளியில் மிஸ்ஸை எதிர்த்துப் பேசி நான் பார்த்த ஒரே பெண் அவள்தான்.

கேடயம் வேறு பள்ளிக்குப் போனது. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவள் அழுததை மட்டும் பார்த்தேன்.

அடுத்த வாரம் கார்டு வந்தது. கதை எழுதியவர் தன் கைப்பட எழுதியிருந்தார். முகவரியில் இருந்தது அக்காவின் பெயர் அல்ல, என் பெயர். "உன் கடிதம் கிடைத்தது" என்று தொடங்கி, கதையைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றும், செய்ததை ஒளிக்காமல் சொல்லி அனுமதி கேட்ட உன்னைப் போல நேர்மையான பெண்ணைக் கண்டதில்லை என்றும் எழுதியிருந்தார். நான் கடிதமே போடவில்லையே என்று அக்காவைப் பார்த்தேன்.

"அடுத்த வருஷம் அவர் பேரோட போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அந்தக் கார்டோடு பள்ளி முழுக்கச் சுற்றினேன். தலைமை ஆசிரியை அதைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் கன்னடத்தில் வாசிக்கச் சொன்னார். 'நேர்மையான பெண்' என்ற இடத்தில் குரலைச் சற்று உயர்த்தியே வாசித்தேன். பத்தாம் வகுப்பு வரிசையில் நின்று அக்காவும் கைதட்டினாள். அவளைப் போல ஒருத்தியை நான் இன்றுவரை கண்டதில்லை. ஆனால் அன்று கைதட்டலை வாங்கிக்கொண்டு நின்ற எனக்கு, அந்த நேர்மையும் வேறொருத்தி எழுதியது, அடியில் இருந்தது மட்டும்தான் என் பெயர் என்பது புரியவில்லை.