பாவா பாட்டில் பாய் வாசித்த இடம்

எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது பொதட்டூர்பேட்டையிலிருந்து சீனு கூப்பிட்டான். எங்கள் இசைக்குழுவில் பாடுகிறவன். வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறான். பின்னால் தறிச் சத்தம் கேட்காததை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

“சார், பாய் போய்ட்டாரு.”

“எங்க, நகரிக்கா?” என்று கேட்டேன். வண்டிச் சாமான் வாங்க மஸ்தான் பாய் மாதத்துக்கு இரண்டு முறை எல்லை தாண்டி நகரிக்குப் போவார்.

“இல்ல சார். மத்தியானம் சாப்ட்டு படுத்துகினு இருந்தாராம். எழுந்துக்கல.”

சரி என்று சொல்லி வைத்துவிட்டு மீதித் தாள்களையும் திருத்தி முடித்தேன். மறுநாள் சரிபார்த்தபோது கூட்டலில் ஒரு தவறுகூட இல்லை. அடக்கத்தின்போதும் அப்படித்தான் இருந்தேன். கபரஸ்தானில் ஓரமாக நின்றிருந்த என்னிடம் யாரோ வந்து, “நீங்களும் போடுங்க சார்” என்றார். மூன்று பிடி மண் போட்டேன். கை கழுவக் குழாய் எங்கே என்று கேட்டேன். இன்னும் எனக்கு அழுகை வரவில்லை.

திருத்தணியில் அவரிடம் வண்டியைப் பழுதுபார்க்க விட்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்தத் தகரக் கொட்டகை உங்களுக்குத் தெரியும். அவர் புல்புல்தாரா வாசிப்பார் என்பது சிலருக்கே தெரியும். ஒரு கையால் டைப்ரைட்டர் பொத்தான்களைப் போல அழுத்திக்கொண்டு மறுகையால் கம்பியை மீட்டுகிற கருவி அது. என் ஸ்கூட்டரை விடப் போன இடத்தில் அதைக் கேட்டேன். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன் என்ற திமிரில், “பாய், சுதி கொஞ்சம் ஏறியிருக்குது” என்றேன். எங்கள் குழு அந்தப் பேச்சில் பிறந்ததுதான். சீனு பாட வந்தான், காவடிகளுக்குப் பம்பை அடிக்கும் கோபாலு வந்தார். ஞாயிறு காலை எனக்கு சர்ச், சனிக்கிழமை பாய்க்கு வண்டிக் கூட்டம், கிருத்திகை என்றால் கோபாலு மலையை விட்டு இறங்கமாட்டார். மிஞ்சிய ஞாயிறு மத்தியானங்களில் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து ஏழு பாட்டுகள் செய்தோம். அதுதான் எங்கள் முதல் ஆல்பம். அது என்ன வகை இசை என்று கேட்டவர்களுக்கு நான்கு பேரும் நான்கு பதில் சொன்னோம்.

சுதி விஷயத்தில் நான் கடைசிவரை விடவில்லை. அவர் கம்பி என் கீபோர்டைவிட எப்போதும் ஒரு மயிரிழை மேலே நிற்கும். வாரந்தவறாமல் சொல்வேன். ஒருநாள், “சுதி சேரலன்னா கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார், சேந்துடும்” என்றார். கோபாலு என் நாற்காலியை நிஜமாகவே தள்ளிப் போட்டார்.

சீனு வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பாவா என்றால் அங்கே அக்கா புருஷன். முறை இருக்கிறதோ இல்லையோ, பிடித்தவர்களை எல்லாம் சீனு அப்படித்தான் கூப்பிடுவான். பாய் வீட்டிலோ பாவா என்றால் தர்காவில் அடங்கியிருக்கும் மகான். ஆறு மாதம் கழித்து பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், சீனுகிட்ட நீங்க கொஞ்சம் சொல்லுங்க. என்னப் போயி பாவான்றான். நான் வெள்ளிக்கிழம தொழுகைக்கே பாதி நாளு போறதில்ல.”

நான் சொல்லவில்லை. வேடிக்கையாக இருந்ததால் விட்டுவிட்டேன். அதன் பிறகு பாய் வெள்ளிதோறும் கொட்டகையைச் சாத்திவிட்டுத் தொழப் போக ஆரம்பித்தார். கேட்டால், “கூப்புட்றவன் மரியாதைய காப்பாத்தணும் இல்ல” என்றார்.

சீனு பாவா என்றே ஒரு பாட்டுக் கட்டினான். விருந்துக்கு வந்து மூன்று நாள் ஆகியும் கிளம்பாத அக்கா புருஷனைக் கிண்டல் செய்யும் பாட்டு, தறி ஓடும் வேகத்தில் போகும். சென்னையில் பதிவு செய்தபோது நடுவில் பாய் வாசிக்க வேண்டிய இடம் வந்தது. நகரியில் சாமான் வாங்கும் அளவுக்கு மேல் தெலுங்கு தெரியாத அவருக்கு வரிகள் பிடிபடவில்லை. பாவா என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, தர்கா வாசலில் வேண்டிக்கொள்கிறவரைப் போல மெதுவாக வாசித்தார். யாரும் நிறுத்தவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் சீனு அர்த்தத்தைச் சொன்னான். கோபாலு அரக்கோணம் வரைக்கும் சிரித்தார். பாய் யோசித்துவிட்டு, “கூப்புட்டா திரும்பிப் பாக்கணும். யார கூப்ட்டான்னு அப்பறம் பாத்துக்கலாம்” என்றார்.

அந்த வாசிப்பை நான் வெட்டினேன். ஸ்டுடியோக்காரர் போன் செய்து, கிண்டல் பாட்டுக்கு நடுவில் இது எதற்கு என்று கேட்டார். பொருத்தமில்லை, சுதியும் ஏறியிருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றேன். குழுவில் இசை படித்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு. பாயிடம் அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்று ஞாயிறுகளைக் கடத்தினேன். நான்காவது ஞாயிற்றுக்கு அவர் இல்லை.

ஆல்பத்தின் அட்டையில் அவர் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்க சீனுவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். பாயின் மனைவி இத்தாவில் இருந்தார், கணவரை இழந்தவர் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் நாட்கள் அவை. வாசற்படித் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினார். பெயரைச் சொன்னார், தேநீர் வந்தது. பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

“அக்கா, பாவா பாட்டுல பாய் வாசிச்சத நான்தான் எடுக்கச் சொன்னேன். அவருக்குத் தெரியாது.”

“தெரியும் சார்,” என்றது குரல். “சீனு தம்பி போன்ல பாட்ட அனுப்பிச்சாரு. இவரு ரெண்டு வாட்டி கேட்டாரு. நடுவுல எதனா தள்ளி வுட்டுட்டமான்னு மூணாவது வாட்டியும் வெச்சாரு.”

சீனு என்னைப் பார்த்தான். அவனும் அதைக் கவனித்திருக்கிறான், நான் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறான்.

“எதனா சொன்னாராக்கா?” என்று கேட்டேன்.

“ஆங். சார் கணக்கு வாத்தியாரு, கழிச்சிட்டாருன்னாரு. சிரிக்கல சார். அன்னிக்கி ராத்திரி சாப்புடல. ஞாயித்துக்கெழம ஆனா ஷர்ட்ட மாட்டிகினு கெளம்பிட்டாரு. இன்னும் எதுக்கு போறன்னு கேட்டேன். பாக்கி ஆறு பாட்டு கீதேன்னாரு.”

அன்றே ஸ்டுடியோவுக்குச் சொல்லி அந்த இடத்தைத் திரும்பச் சேர்த்தாயிற்று. கேட்டுப் பார்த்தேன். அது இல்லாமல் அந்தப் பாட்டு வெறும் கிண்டல்தான். நீங்களும் கேட்பீர்கள். அது உங்களுக்கு. எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மூன்று ஞாயிறுகளை. எல்லாம் தெரிந்த மனிதர் என் எதிரில் உட்கார்ந்து, மடியில் புல்புல்தாராவை வைத்துக்கொண்டு, “ஆரம்பிக்கலாமா சார்” என்று கேட்டார். ஒன்றும் தெரியாத நான், “சுதியைப் பாருங்க பாய்” என்றேன்.