மைனி தந்த மாத்திரை

முதலில் உடைந்தது முந்திரிப் பருப்புதான்.

கருங்கல் பக்கம் ஓர் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) பல வருடமாக வேலை பார்க்கிறேன். உலர்ந்த பருப்பின் மேல்தோலைச் சிறுகத்தியால் நீக்க வேண்டும். பருப்பு பிளந்துவிடக் கூடாது. முழுசாக எடுப்பவள் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. சொல்லிக்கொள்ள எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கோடையில் என் தட்டில் பாதிக்கு மேல் பிளவாக விழுந்தது. நீட்டினால் விரல்கள் நடுங்கின. வியர்வை நின்றபாடில்லை. இரண்டு ஆள் சோறு தின்றும் ஜாக்கெட் தொளதொளத்தது. படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது தலையணையில் கேட்டது. மஸ்கட்டில் இருக்கும் கணவர் வீடியோவில் பார்த்துவிட்டு, மெலிந்து அழகாகிவிட்டாய் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் கொஞ்சம் அந்த நினைப்பு இருந்தது.

மேற்பார்வை பார்க்கும் தங்கம் அக்கா ஒருநாள் நடுங்கும் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"ஏட்டி, ஒனக்க கை என்ன இப்பிடி விறைக்குது? போய் ரத்தம் டெஸ்ட் பண்ணு."

அன்றே என்னைப் பிளவு பொறுக்கும் இடத்தில் உட்கார வைத்தார். மற்றவர்கள் உடைத்ததைப் பொறுக்கும் வேலை. கை சரியானால்தான் பழைய இடம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும்.

லேபில் தைராய்டு என்றார்கள். டி.எஸ்.எச். மிகக் குறைவு என்று ரிசல்ட் வந்தது. நாகர்கோவிலில் ஹார்மோன் டாக்டரைப் பார்க்க இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். என் அண்ணன் மனைவி ரோஸ்லின் மைனிக்கு வெகுகாலமாகத் தைராய்டு குறைவு. எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்திலேயே பலர் காலை வெறும்வயிற்றில் அந்த மாத்திரை போடுகிறவர்கள். யாருக்காவது தீர்ந்துபோனால் மீன்குழம்பு மாதிரி அதையும் கொடுத்து வாங்கிக்கொள்வோம். மைனி தன் டப்பாவையே கொண்டுவந்துவிட்டார்.

"எனக்கும் கொறவு, ஒனக்கும் கொறவு. டாக்டரைப் பாக்குறது வரைக்கும் இதத் தின்னு மக்கா."

தின்றேன். அடுத்த வாரம் ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்கு எழுந்து நின்றபோது நெஞ்சு தாறுமாறாக ஓடியது. அப்படியே பெஞ்சில் சரிந்தேன். அண்ணன் ஆட்டோ பிடித்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்.

அவசரப் பிரிவில் ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பின் வரைபடம்) எடுத்தார்கள். மைனி சுவரோரம் நின்று அழுதார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேலே ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பயப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

ஹார்மோன் டாக்டர் ஒரு பெண். என்ன மாத்திரை தின்றேன் என்று கேட்டவர், மைனியைத் திட்டவில்லை. நிறையப் பேர் இப்படி வருகிறார்கள் என்றார்.

"டி.எஸ்.எச். தைராய்டு இல்லம்மா. தைராய்டை வேலை செய்யச் சொல்லி மூளையிலேர்ந்து வர்ற கட்டளை. உங்க சுரப்பி ஏற்கெனவே கூடுதலா சுரக்குது, அதனால மூளை கட்டளையக் குறைச்சிருக்கு. நீங்க அதுக்கு மேலயும் மாத்திரை போட்டிருக்கீங்க."

எனக்கு வந்தது கிரேவ்ஸ் நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தவறாகத் தூண்டிவிடுவது). தைராய்டு கூடிப்போவது சிலருக்குச் சுரப்பியில் வளரும் கட்டியால் வரும், சிலருக்கு வீக்கத்தால். அளவுக்கு மிஞ்சிய மாத்திரையாலும் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

மைனியின் மாத்திரை அன்றே நின்றது. நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் புரோப்ரனோலால் தந்தார்கள். சுரப்பியின் உற்பத்தியைக் குறைக்கக் கார்பிமசோல். இதைத் தின்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போய் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். மாத்திரையில் அடங்காவிட்டால் கதிரியக்க அயோடினோ அறுவை சிகிச்சையோ உண்டு. எனக்கு இதுவரை தேவைப்படவில்லை.

நடுக்கம் சில நாளில் தணிந்தது. மற்றவை சரியாக மாதங்கள் ஆயின. இடையில் சுரப்பு அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. குளிர்ந்தது, முகம் உப்பியது, என் மகள் தேர்வில் முதலாவதாக வந்தேன் என்றபோது சரி என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்த பிறகு அந்த மந்தம் மெல்ல விலகியது, முழுவதும் அல்ல.

மழைக்காலம் தொடங்கியபின் தங்கம் அக்கா கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். பார்த்துவிட்டுப் பழைய இடத்தைக் காட்டினார். முதல் பருப்பை எடுத்துக் கத்தியை வைத்தேன். தோல் கழன்றது, பருப்பு முழுசாக உள்ளங்கையில் இருந்தது. சந்தோஷம் வரும் என்று சற்றுக் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்ததை எடுத்தேன்.

நோயின்போது நான் எப்போதும் நேரத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். மதிய மணி அடிக்கவே அடிக்காது போலிருக்கும். அன்று மணி அடித்த பிறகுதான் மதியமாகிவிட்டது என்று தெரிந்தது. தூக்குப்பாத்திரத்தைத் திறந்தேன். மைனி கொடுத்துவிட்டிருந்தார். இப்போதெல்லாம் மீன்குழம்பு மட்டும்தான் கொடுத்துவிடுகிறார். பசித்தது, பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பசிக்கிற அளவுக்கு.