கப்பலில் கடலை இல்லை என்றார்கள்

என் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. ஆகாது என்றால் வயிறு மந்தமாகும், சொறி வரும் என்கிற மாதிரி இல்லை. ஒரு பருப்பு உள்ளே போனால் உதடு வீங்கும், கண் மூடிக்கொள்ளும், பிறகு மூச்சு இழுக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் கடலைக்கொல்லையாக இருக்கும் ஊரில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஓர் உடம்பு.

முதல் தடவை அவளுக்கு இரண்டு வயது. பெரம்பலூர் பக்கம் என் புகுந்த வீட்டில் யாரோ ஆசையாகக் கொடுத்த கடலை உருண்டையை ஒரு கடி கடித்தாள். முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. காணாக்கடி என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்துவிட்டதாம். வேப்பிலையால் தடவினார்கள், வீக்கம் வடிந்தது, பேர் வேப்பிலைக்குப் போனது. இரண்டாம் தடவை சட்னி. அன்றைக்கு வீக்கம் வேப்பிலையின் பேச்சைக் கேட்கவில்லை. மூச்சில் விசில் சத்தம் வந்தது. ரோட்டில் வந்த பால் வண்டியை மறித்து டவுனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஊசி போட்ட டாக்டரம்மா, "என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார். அன்றைக்குச் சாப்பிட்டதையும் சொன்னேன், முதல் தடவை சாப்பிட்டதையும் சொன்னேன். இரண்டிலும் இருந்தது கடலை மட்டும்தான் என்பதையும் நானே சொன்னேன்.

"படிச்சிருக்கியா நீ?" என்றார்.

"டீச்சர் டிரெயினிங் முடிச்சிருக்கேங்க."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கடலை பிடுங்கியவர்கள். நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அதே கடலையைக் கட்டைவிரல் நகம் தேயத் தேய உரித்திருக்கிறேன். அதனால் காணாக்கடி என்ற பேச்சை அன்றோடு எங்கள் வீட்டில் நிறுத்தினேன். கடித்தது காணாத பூச்சி இல்லை, நான் நன்றாகப் பார்த்துப் பழகிய கொட்டை. கடலை எண்ணெய் டின்னை வெளியே எடுத்து வைத்துவிட்டு நல்லெண்ணெய்க்கு மாறினேன். "எல்லாக் கறியும் ஊறுகா மாதிரி நாறுது" என்று வீடே முகம் சுளித்தது. சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதில் இன்னொன்று உண்டு. ஜெயங்கொண்டம் பக்கம், என் பிறந்த ஊரில், கடலையை மல்லாட்டை என்போம். கல்யாணமாகி வந்த புதிதில் நான் மல்லாட்டை என்று சொன்னதும் என் நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். கொஞ்ச நாள் என் பெயரே மல்லாட்டை. ரோஷத்தில் அந்தச் சொல்லை விட்டுவிட்டுக் கடலை என்று பழகிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு அந்தமானில் கவர்ன்மெண்ட் வேலை, ரோடு போடும் இடத்தில் ஓவர்சியர். லீவில் வந்தபோது, "குவார்ட்டர்ஸ் கிடைச்சிடுச்சு. நான் முன்னாடி போறேன். பாப்பாவ நீ கூட்டிட்டு வந்துடுவியா?" என்றார். வந்துடுவேன் என்றேன். நாத்தனார் விடவில்லை.

"பஸ்ஸுல டவுனுக்குப் போறாப்லயா? நாலு நாளு தண்ணி. நடுவுல புள்ளைக்கு மூச்சு வாங்குனா எந்தப் பால் வண்டிய மறிப்ப?"

"கப்பல்ல டாக்டர் இருக்காருங்க அண்ணி."

"படிச்ச திமிரு. வேற என்ன?"

"ஆமாங்க அண்ணி. அதுதான்" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பனைப் போட்டோவில் பார்த்து வளர்கிற பிள்ளையை அப்பனிடம் சேர்க்க வேண்டும். வழியில் அவள் வாய்க்குள் போகும் ஒவ்வொரு கவளத்துக்கும் நான் பொறுப்பு.

நல்லெண்ணெய்ப் புளிச்சோறு, கடலை சேராமல் வறுத்து அரைத்த சத்துமாவு, அவல், வெல்லம் எல்லாம் கட்டிக்கொண்டு அரியலூரில் ரயிலேறினோம். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் மகள், "இது வூடா, பஸ்ஸா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது நான்கு வயது.

உள்ளே போனதும் முதல் வேலையாக டாக்டரைத் தேடிப் போனேன். வடக்கத்தி இளைஞர். இங்கிலீஷில் பேசினேன். இலக்கணம் முன்னேபின்னே இருந்திருக்கும், விஷயம் போய்ச் சேர்ந்தது. ஊசிமருந்து இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றார். காட்டுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினார்.

எங்கள் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் வரதராஜன்பேட்டைக்கார அக்கா ஒருவர் இருந்தார். மகன் வீட்டுக்குப் போகிறவர். கழுத்தில் ஜெபமாலை, வாயில் ஓயாத பேச்சு. எந்தக் குழந்தையைக் கண்டாலும் ஊட்டிவிட வேண்டும் அவருக்கு. மகளுக்கு வெளிச்சாப்பாடு ஆகாது என்று முதல் நாளே சொல்லி வைத்தேன்.

கப்பல் சொன்ன நாளில் கிளம்பவில்லை. நாங்கள் ஏறிய பிறகும் துறைமுகத்திலேயே கிடந்தது. புளிச்சோறு அங்கேயே தீர்ந்தது. கடலுக்குள் போனதும் ஆட்டம் தொடங்கி, மகள் குடித்த சத்துமாவெல்லாம் என் சேலையில் வந்தது. அதற்குப் பிறகு மாவுக் கிண்ணத்தைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை ஆட்டம் அடங்கி, பசி வந்து உட்கார்ந்தாள்.

"மாவு வேணாம். அவங்கல்லாம் சாப்புடுறது வேணும்."

சாப்பாட்டுக் கூடத்தில் உப்புமாவும் சட்னியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிறவர்தான் சமையல்காரரும். மலையாளி, வயிறு முன்னால் வர ஆள் பின்னால் வருவார்.

"இதுல கடலை இருக்கா? என் பிள்ளைக்குக் கடலை ஆகாது. உயிருக்கே ஆபத்து" என்றேன்.

"இன்னு கடல இல்லா. தைரியமாயிட்டு கழிச்சோ." இன்றைக்குக் கடலை இல்லை, தைரியமாகச் சாப்பிடு என்கிறார்.

"எண்ணெய்?"

"தேங்காயெண்ணெ."

இருந்தாலும் முதல் வாய் என்னுடையது. அது நான் வைத்திருக்கும் சட்டம். தட்டோடு வந்து உட்கார்ந்து, சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்தேன். தேங்காய் தெரிந்தது, மிளகாய் தெரிந்தது. அவற்றுக்கு அடியில் வறுத்த கடலை. என் நாக்கை ஏமாற்ற முடியாது. அதை மென்றுகொண்டே உரித்து வளர்ந்தவள் நான்.

நிமிர்ந்தால், அடுத்த பெஞ்சில் அக்கா தன் தட்டிலிருந்து ஒரு கவளம் உருட்டி மகளின் வாயருகே கொண்டு போயிருந்தார். "ஒரு வாய்தானே, புள்ள ஏங்குது பாரு." தட்டிவிட்டேன். உப்புமா பறந்து நாலு பேர் மேல் விழுந்தது.

"ஏம்மா, நான் என்ன வெசமா வச்சேன்?" என்று அக்கா எழுந்துவிட்டார்.

"ஆமாக்கா. இவளுக்கு அது வெசம்தான்."

சட்னி உதட்டில் பட்டிருந்தது. அவ்வளவுதான் பட்டது. நான் முந்தானையால் துடைத்து, தண்ணீர் விட்டுக் கழுவுவதற்குள் கீழுதடு தடித்துக்கொண்டு வந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். அக்கா, "ஏசுவே, ஏசுவே" என்று பின்னாலேயே ஓடி வந்தார். டாக்டர் பார்த்தார், மருந்து கொடுத்தார், ஊசியை எடுத்துப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டார். நான் மகளின் முதுகில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். விசில் வருகிறதா, வருகிறதா என்று அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை. உதடும் மெல்ல வடிந்தது. டாக்டர் ஊசியை எடுத்த இடத்திலேயே வைத்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்குக் கீழே ஒரு வேலை இருந்தது.

மகளை டாக்டர் பார்வையில் அக்காவோடு விட்டுவிட்டு நேரே சமையல்கட்டுக்குப் போனேன்.

"கடலை இல்லன்னு சொன்னீங்களே?"

"கடல இல்லல்லோ!"

"சட்னியில இருக்கே!"

"சட்னியில யாரு கடல போடும்?" என்று அவர் என்னைவிடச் சத்தம் போட்டார். ஒரு அண்டாவின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்புக் கொண்டைக்கடலை ஊறிக்கொண்டிருந்தது. "தா, இது கடல. இது நாளேக்கு, புட்டுக்கு. இன்னு தொட்டிட்டில்லா!" இன்றைக்கு அதைத் தொடவே இல்லையாம்.

நான் சுற்றிலும் பார்த்தேன். மூலையில் ஒரு சாக்கு வாய் பிரிந்து கிடந்தது. கையை விட்டு ஒரு பிடி பருப்பை அள்ளி அவர் முன்னால் நீட்டினேன்.

"இது என்ன?"

"இதோ? இது கப்பலண்டி."

முதலில் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். கப்பலில் இருப்பதால் கப்பலண்டியா என்று கோபம் வந்தது. அவர் முகத்தில் கேலி இல்லை. அவர் ஊரில் அதற்கு அதுதான் பெயராம்.

"எங்க ஊர்ல இதுதாங்க கடலை" என்றேன்.

அவர் என் கையிலிருந்த பருப்பைப் பார்த்தார். "அப்போ குட்டி…?" என்றார். நல்லா இருக்கிறாள் என்று சொன்ன பிறகுதான் மூச்சுவிட்டார். எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. மல்லாட்டை என்று கேட்டிருந்தால், அது என்ன சாமான் என்று அவர் திருப்பிக் கேட்டிருப்பார், அங்கேயே விளங்கியிருக்கும். நாகரிகமாகக் கடலை என்று கேட்டதால் வந்த வினை. நாத்தனாரிடம் சொல்ல வேண்டும், உங்கள் கடலையை விட எங்கள் மல்லாட்டை மேல் என்று.

மறுநாள் காலை அவரே ஆள் அனுப்பினார். போனால், கப்பலண்டிச் சாக்கை வெளியேற்றிவிட்டு மேடையைக் கழுவிக்கொண்டிருந்தார். தனிச்சட்டி, தனிக்கரண்டி. சட்டியை மறுபடி கழுவச் சொன்னேன். முனகிக்கொண்டே கழுவினார். கொண்டைக்கடலைச் சுண்டல் வீட்டில் அவள் சாப்பிடுவதுதான், ஒன்றும் செய்ததில்லை. அவர் புட்டுக்குக் கடலைக்குழம்பு தாளித்து இறக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். முதல் வாய் நான் சாப்பிட்டேன். தேங்காய், மிளகு, வெந்த கடலை. வேறு எதுவும் இல்லை.

இனி நான் சரி என்று சொல்ல வேண்டும். யார் வீட்டிலும் இதுவரை நான் அந்தச் சரியைச் சொன்னதில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும் தூக்குவாளியோடு போகிறவள். ஆனால் நாங்கள் போகும் ஊரில் எல்லாரும் வேற்றூர்க்காரர்கள். அங்கே இவளை வாளியில் வைத்து மூடி வளர்க்க முடியாது. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று.

"குடுங்க" என்றேன்.

மகள் எல்லாரோடும் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் சாப்பிட்டதையே சாப்பிட்டாள். எதிரே அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஊட்டிவிடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார். நான் மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை, தடிக்கவில்லை. குழம்பு மட்டும் தாடை வரை வழிந்திருந்தது. தட்டு காலியானதும் அதைத் தூக்கிச் சமையல்காரரிடம் நீட்டினாள். அவர் கரண்டியோடு நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.