விரல் காய்த்த கதை

முதலமடைக்காரனான எனக்குச் சித்திரபுரம் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் லேப் வேலை கிடைத்தபோது இருபத்திரண்டு வயது. ரத்தமும் சளியும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சீட்டில் எழுதி டாக்டருக்கு அனுப்புவேன். அவ்வளவுதான் வேலை.

மழை விட்டு வெயிலடித்த ஒரு காலையில், கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தியை ரத்தம் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டர். பேறுகால விடுப்பு முடிந்து முந்தின நாள்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"வாங்க, உக்காருங்க" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "எங்களப் போயி வாங்க போங்கன்னு சொல்றீகளே! கங்காணி கேட்டா மயங்கி விழுந்துருவாரு."

"எங்கூர்ல எல்லாத்தையும் இப்படித்தானுங்க கூப்புடுவோம்."

ரத்தம் எடுத்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினாள். இரண்டிலும் கொப்புளம்.

"பத்து வருசமா கொழுந்து எடுக்கேன்யா. காய்ச்சுப்போயி கட்ட மாதிரி இருந்த வெரலு. மூணு மாசம் பிள்ளையோட இருந்ததுல பூவா ஆயிருச்சு. ஒரே நாள்ல பொத்துப்போச்சு. பழையபடி காய்க்குமா?"

"காய்க்குமுங்க. மேல உரச உரச, அடித்தோல்ல செல்லுங்க நெறயாப் பெருகி அடுக்கடுக்கா மேல ஏறும். உரசல் நின்னா மறுபடி மெலிஞ்சுக்கும்."

அவள் முகம் வெளுத்தது. "என் தோலுக்குள்ள செல்லு புடிச்சிருக்கா?"

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. கதவையும் புத்தகத்தையும் அரிக்கிற செல் இல்லை என்று வாயால் சொன்னால் தீராது. மதியக் கஞ்சிக்கென்று வைத்திருந்த சின்ன வெங்காயத்தில் ஒன்றை எடுத்து, ஊதா நிறச் சவ்வை உரித்து, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீரில் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன்.

ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். "ஆத்தி! லயத்து வீடுக மாதிரி வரிசையா நிக்கி. வீட்டுக்கு வீடு ஊதாத் தண்ணி!"

அந்த உற்சாகத்தில் ஓரத்தில் உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். உப்பு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் போகும், செல்லின் சவ்வு தண்ணீரை வெளியே விடும், நிறத்தை விடாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

"ஐயையோ, எல்லாம் சுருங்கி மூலைக்குப் போகுது! பாவம்யா, நல்ல தண்ணி ஊத்துங்க!"

ஒருபக்கம் காகிதத்தால் உப்புநீரை உறிஞ்சி, மறுபக்கம் நல்ல தண்ணீர் விட்டேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கத்தினாள். "பொழைச்சிருச்சு!"

வெளியே காத்திருந்தவர்கள் யாரோ பிழைத்துவிட்டார்கள் என்று உள்ளே ஓடி வந்தார்கள். பின்னாலேயே டாக்டர். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், கண்டிப்பானவர்.

"என்ன அமர்க்களம் இங்கே?"

 அவள் நாற்காலியை நகர்த்திப்போட்டாள். "வெங்காயம் செத்துப் பொழைச்சுச்சுங்கய்யா. நீங்களும் பாருங்க."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"காலேஜ்ல பாத்தது. இன்னொரு தரம் உப்பு விடும், பாப்போம்."

மூன்று வாரம் கழித்து இடுப்பில் குழந்தையோடு வந்தவள், விரலால் என் மேஜையைத் தட்டினாள். "கேட்டீகளா சத்தத்த? காய்ச்சிருச்சு!"

காய்ப்பின் மேலிருந்து பிளேடால் ஒரு செதிள் சீவி வைத்துக் காட்டினேன். அடுக்கடுக்காகத் தட்டைச் சருகுகள்.

"வீட்டையே காணோமே."

"இதெல்லாம் செத்த செல்லுங்க. உசுரோட இருக்கறது அடியில. அதுகளுக்கு இது காவல்."

அவள் யோசித்தாள். "உள்கன்னமும் தோலுதானய்யா? பல்லு உரசிக்கிட்டேதான கெடக்கு, அது ஏன் காய்க்கல?"

"அங்க கொழுந்து கிள்ளறதில்லீங்களே!"

அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை மிரண்டு அழுதது. டாக்டர் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "சனிக்கிழமை மத்யானம் இதுக்குன்னு அரைமணி வச்சுக்கும், வேலை நேரத்தில வேண்டாம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை பதினோரு பெண்கள் வந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க ஒருத்தி வெட்டுக்கிளிக் கால் கொண்டுவந்திருந்தாள்.