வெர்னா கழித்த இரண்டு அங்குலம்

வெஸ்ட்மூர் பைசன்ஸ் அணியின் ஆண்டுக் கையேட்டில் பதினேழாம் பக்கத்தில் இப்படி அச்சாகியிருக்கிறது: "வி. பிரிஸ்டுபா, வடகிழக்கு சஸ்காட்சுவான் மண்டலத் திறன் மதிப்பீட்டாளர். உயர்நிலை ஐஸ் ஹாக்கியில் நீண்ட அனுபவம் பெற்றவர். காணொளிப் பகுப்பாய்வு, புள்ளிவிவர முறைகள் ஆகியவற்றின் துணையோடு நாளைய வீரர்களை இன்றே அடையாளம் காண்பவர்."

வி. என்றால் வெர்னா. வயது ஐம்பத்தெட்டு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வாழ்நாளில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஸ்கேட் கட்டி நின்றால் கணுக்கால் இரண்டும் உள்பக்கம் மடங்கிக்கொள்ளும். காணொளி என்று அவர் வீட்டில் இருப்பது மூத்த மகனின் கல்யாண கேசட் ஒன்றுதான். அதையும் மருமகள் விட்டுவிட்டுப் போன பிறகு யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. புள்ளிவிவரம், கம்பிச் சுருள் போட்ட ஒரு நோட்டில் பென்சிலால் எழுதப்படுகிறது.

நீண்ட அனுபவம் என்பது மட்டும் பொய்யில்லை. தன் மூன்று பையன்களைப் பதினெட்டு வருஷம் விடியற்காலையில் ஐஸ் ஹாக்கி அரங்கான ரிங்குக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனவர். மூன்று பேரில் ஒருவனும் தேறவில்லை. அதை மற்ற எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்தவர் வெர்னாதான். ஒரு நாள் டால்கிர்க் ரிங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாயிடம், "என் பையன் தேற மாட்டான். கோவிச்சுக்காதே, உன் பையனும் தேற மாட்டான். அதோ மஞ்சக் கையுறை போட்டுக்கிட்டு ஒருத்தன் சும்மா நிக்கிறான் பாரு, அவன் பெரிய அணிக்குப் போவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தவர் பைசன்ஸ் அணியின் அப்போதைய பயிற்சியாளர். மஞ்சள் கையுறை போனான், வெகு தூரம் போனான். அடுத்த இலையுதிர் காலத்தில் வெர்னாவுக்குத் தொலைபேசி வந்தது. பெட்ரோல் செலவும் ஒரு ஜாக்கெட்டும் தருவதாகச் சொன்னார்கள். ஜாக்கெட் ஆண்கள் அளவு.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் ஆடும் ஆட்டங்களைப் பார்த்து, மே மாதத் தேர்வு நாளில் அணிகள் சுற்றுச் சுற்றாகப் பையன்களை எடுக்கும்போது பைசன்ஸ் யாரை எடுக்கலாம், யாரை விடலாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. பெரும்பாலும் விடலாம் என்று எழுதுவது. அதை அலுக்காமல் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. இன்னொன்று: பதினோரு வருஷத்தில் வெர்னா ஓர் அறிக்கையைக்கூடத் திருத்தியதில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சமில்லை.

டால்கிர்க் ரிங்கில் ஆட்டக்கணக்கு எழுதுகிறவன் நான். வெர்னாவைப் போல அணிகளுக்காகப் பையன்களைப் பார்க்க வரும் தேர்வாளர்கள் நிற்கும் மூலை என் மேசைக்கு நேர் எதிரே. ஆறேழு பேர், கையில் காப்பி, முகத்தில் ஒன்றும் இருக்காது. தனக்குப் பிடித்த பையனின் மட்டைக்கு வட்டு வரும்போது, மற்றவர்கள் கண்டுகொள்ளக் கூடாதென்று குனிந்து காப்பியைப் பார்ப்பார்கள். பிடிக்காத பையனுக்குப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எழுதுவதை மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதால்தான். ஸ்டான் ஒலென்யுக் என்று போட்டி அணியின் தேர்வாளர் ஒருவர். அவர் ஒரு பையனைப் பார்த்துக் கொட்டாவி விட்டால் அவனைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் கேன்டீன்காரிக்கும் தெரியும்.

ஸ்டானும் வெர்னாவும் பார்த்துக்கொண்டால் வாழ்த்துச் சொல்லிக்கொள்வதில்லை.

"என்ன வெர்னா, பஸ்ஸை என் கார் மேல ஏத்திட்டு வரலியே?"

"அது உன் காரா? யாரோ குப்பை போட்டுட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சேன்."

இனி உயரத்துக்கு வருகிறேன். ஆட்டத்தன்று விற்கும் தாளில் ஒவ்வொரு பையனின் பெயர், எண், உயரம், எடை இருக்கும். செப்டம்பரில் வீட்டிலிருந்து நிரப்பி அனுப்பிய படிவத்திலிருந்து எடுத்தது. எந்தத் தகப்பனும் தன் பையனின் உயரத்தை அப்படியே எழுதுவதில்லை; இரண்டு அங்குலம் கூட்டுவார். எந்தத் தேர்வாளரும் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு அங்குலம் கழிப்பார். கழிப்பார்கள் என்று தகப்பன்மாருக்குத் தெரியும், அதனால் கூட்டுகிறார்கள். கூட்டுவார்கள் என்று தேர்வாளர்களுக்குத் தெரியும், அதனால் கழிக்கிறார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லிக் கடைசியில் சரியான எண்ணில் வந்து சேர்கிற இந்த ஏற்பாடு முப்பது நாற்பது வருஷமாக ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் நடந்து வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் நோய்ஹோஃப் அணியில் காலேப் தீசன் என்று ஒரு தடுப்பாட்டக்காரன் இருந்தான். வெர்னா அவனை ஆறு முறை பார்த்தார். ஆறாவது முறை கோப்பையில் காப்பியே இல்லாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜனவரி அறிக்கையில் இப்படி எழுதினார்: "எதிராளி எங்கே போகப் போகிறான் என்று அவனுக்கே தெரிவதற்கு முன் இவனுக்குத் தெரிகிறது. முழங்கால் மடிப்பு மிக நன்று." தாளில் அவன் உயரம் ஐந்தடி ஒன்பது. அதற்கு அடுத்த வரியில் வெர்னா எழுதியது: "உயரம் ஐந்தடி ஏழு."

பைசன்ஸின் தலைமைத் தேர்வாளர் கீத் மக்காஸ்லின். ஐந்தடி ஒன்பதுக்குக் கீழே தடுப்பாட்டக்காரனே வேண்டாம் என்பது அவர் கொள்கை. பிப்ரவரிக் கூட்டத்தில் அறிக்கையை முழுக்கப் படித்தார். "நல்ல பையன். குள்ளம்" என்று சொல்லிப் பெயரின் மேல் கோடு போட்டார். மற்ற அணிக்காரர்களும் தத்தம் கூட்டங்களில் அதே கோட்டைப் போட்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. தேர்வு நாளில் யாரும் எடுக்காவிட்டால் காலேபுக்கு மேலே போகும் வழி அதோடு முடிந்த மாதிரிதான். பிறகு கவனிப்பாரற்று ஊர் அணியில் ஆடலாம், அப்பாவின் பண்ணையில் வேலை பார்க்கலாம்.

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் முடிந்து கேன்டீனில் கூட்டம். வெர்னா ஒரு தட்டு பெரோகிக் கொழுக்கட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார். குளித்துவிட்டு ரப்பர் செருப்போடு வந்த ஒரு பையன் அவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நன்றி சொல்ல நிமிர்ந்தார். நிமிர வேண்டியிருந்தது. வெர்னா ஐந்தடி எட்டு, அன்று பூட்ஸ் வேறு. பையன் காலேப் தீசன்.

தேர்வாளர்கள் பையன்களைத் தரையில் பார்ப்பதேயில்லை. பனியில் பார்க்கிறார்கள், அல்லது பேருந்து ஜன்னலில் பார்க்கிறார்கள். இவனோ முழங்காலை நன்றாக மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி ஆடுகிறவன்; பனியில் குள்ளமாகத்தான் தெரிவான். வெர்னாவின் அறிக்கையில் முதல் வரி பாராட்டியதைத்தான் இரண்டாவது வரி தண்டித்திருந்தது.

காலேபின் தாய் எல்ஃப்ரீடா பக்கத்து மேசையில் இருந்தார். ஊர் மருத்துவமனையில் செவிலியர். வெர்னா தட்டோடு போய் எதிரே உட்கார்ந்தார்.

"செப்டம்பர்ல அந்தப் படிவத்தை யாருங்க நிரப்பினது, நீங்களா உங்க வீட்டுக்காரரா?"

"நான்தான். ஏன், எதாவது தப்பா?"

"உயரம் எப்படி எழுதுனீங்க?"

"அளந்து எழுதினேன். ஒன்பதரை இருந்தான். அரைக்குக் கட்டம் இல்ல, அதனால ஒன்பதுன்னு போட்டேன்."

வெர்னா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "கொறைச்சா போட்டீங்க?"

"பத்து இல்லியே, பத்துன்னு எப்படிங்க போடறது?"

"எல்லாரும் ரெண்டு அங்குலம் கூட்டித்தாங்க போடுவாங்க."

"எதுக்கு?"

"நாங்க ரெண்டு கழிப்போம்ல."

எல்ஃப்ரீடா, நோயாளி சொல்கிற கதையை முழுக்கக் கேட்டுவிட்டுப் பேசிப் பழகியவர். "அப்ப நான் பொய் சொல்லலன்னு என் புள்ளைய நீங்கல்லாம் சேர்ந்து குள்ளனாக்கிட்டீங்க."

"ஆமாங்க" என்றார் வெர்னா. வேறென்ன சொல்வது.

"இப்ப அவன் இன்னும் வளந்துட்டான். பேண்ட் ரெண்டு தடவை மாத்தியாச்சு."

மறுநாள் காலைப் பேருந்தை ஓட்டி முடித்துவிட்டு வெர்னா கீத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தீசன் பையன் விஷயம், கீத். அவன் பத்துக்கு மேல இருப்பான் போல."

"யாரு சொன்னா?"

"அவங்கம்மா."

"வெர்னா, அம்மாமாருங்க பேச்சைக் கேட்டா என் அணியில எல்லாம் ஏழடிப் பசங்களாத்தான் இருப்பாங்க. நீங்க ஆறு ஆட்டம் பாத்து ஏழுன்னு எழுதியிருக்கீங்க. உங்க கண்ணை நம்பித்தானே நான் கோடு போட்டேன்?"

"கண்ணு தப்பா இருந்தா?"

"அப்ப மத்த பசங்களுக்கு எழுதுனதெல்லாம்?"

கீத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அளந்து கொண்டாங்க, பாக்கறேன். அடுத்த திங்கக்கிழமை காலைல பட்டியலை முடிச்சுடுவேன். அதுக்கப்புறம் நானே நெனச்சாலும் முடியாது."

அந்த வாரம் முழுக்க வெர்னா ஒன்றும் செய்யவில்லை. நோட்டுகளை மட்டும் எடுத்து மேசையில் வைத்துப் புரட்டினார் என்று அவர் கணவர் பின்னால் சொன்னார். எத்தனை பேருக்கு இரண்டு கழித்திருக்கிறோம், அதில் எத்தனை பேருடைய தாய்மார் உள்ளதை எழுதியவர்கள் என்று பார்த்தாராம். முதல் கேள்விக்கு விடை கிடைத்தது, எல்லாருக்கும். இரண்டாவதற்கு வழியில்லை.

அளப்பதில் சிக்கல் இருந்தது. ஒன்று, அளவு நாடாவை எடுப்பது தேர்வாளருக்கு அவமானம்; கண் போய்விட்டது என்று ஊருக்குச் சொல்வது போல. இரண்டு, மே வரைக்கும் பையன்கள் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று லீக்கில் விதி. ரிங்கில்தான் அளக்க வேண்டும். ஆண் தேர்வாளர் என்றால் உடை மாற்றும் அறைக்குள் சத்தமில்லாமல் போய் வேலையை முடித்துவிடலாம். வெர்னா அங்கே போக முடியாது. மிச்சம் இருப்பது கேன்டீன் நடைவழி. அங்கேதான் இடைவேளையிலும் ஆட்டம் முடிந்த பிறகும் ஆறு அணித் தேர்வாளர்களும் நிற்பார்கள். அளந்தால் பையனுக்கு விமோசனம். ஆனால் அளப்பதை ஸ்டான் பார்த்தால், அவன் பைசன்ஸுக்குக் கிடைப்பான் என்று சொல்வதற்கில்லை. யாருக்காக அளக்கிறாரோ அந்த அணிக்கே அது நஷ்டமாகலாம்.

இரண்டாவது ஞாயிறு நோய்ஹோஃபுக்குக் கடைசி ஆட்டம். மூன்று மணிக்கு முடிந்தது, தோற்றார்கள். அவர்கள் பேருந்து மூன்றரைக்குக் கிளம்பும். வெர்னா ரிங்க் காவலாளியிடம் இரும்பு டேப் வாங்கிக்கொண்டு வந்து நடைவழியில் நின்றார். என் மேசைக்கு வந்து ஆட்டத்தாள் வைத்து எழுதும் பலகையையும் எடுத்துக்கொண்டு போனார். எதற்கென்று கேட்டேன். "தட்டையா ஒண்ணு வேணும்" என்றார்.

ஸ்டான்தான் முதலில் பார்த்தார். "என்ன வெர்னா, ஜன்னல் திரை தைக்கறியா?"

"உனக்குச் சட்டை தைக்கலாம்னு பாத்தேன். டேப் பத்தாது."

காலேப் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தான். வெர்னா எல்ஃப்ரீடாவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

"தம்பி, செருப்பைக் கழட்டு. சுவத்தோட நில்லு. குதிகால் ஒட்டணும்."

"இங்கயேவா?"

"இங்கயேதான். முழங்காலை நேரா வை. ஜென்மத்துல ஒரு தடவை நேரா வை."

பையன் நின்றான். வெர்னா பலகையைத் தலையில் வைத்தார்.

"முடி தூக்கிட்டு நிக்குது, அமுக்கு" என்றார் ஸ்டான்.

"நீயே வந்து அமுக்கு."

ஸ்டான் வந்து அமுக்கினார். எல்ஃப்ரீடா டேப்பின் கீழ் முனையைப் பிடிக்கக் குனிந்தார். "நீங்க தள்ளி நில்லுங்க, அப்புறம் அம்மா புடிச்ச டேப்புன்னு சொல்லுவாங்க" என்று வெர்னா அவரைத் தள்ளி நிறுத்திவிட்டு முனையை என்னிடம் கொடுத்தார். குறியை ஸ்டான் படித்தார். ஒரு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"பத்தரை."

மற்ற தேர்வாளர்கள் எல்லாரும் குனிந்து காப்பியைப் பார்த்தார்கள்.

மே மாதம் காலேப் தீசன் இரண்டாவது சுற்றில் போனான். எடுத்தது ஸ்டானின் அணி. கீத் அவனை மூன்றாவது சுற்றுக்கு எழுதி வைத்திருந்தார்.

"ஊரையே கூட்டி வச்சா அளப்பாங்க?" என்று கீத் தொலைபேசியில் கேட்டார்.

"பசங்க துணி மாத்தற ரூமுக்குள்ள நான் போயிருந்தா சந்தோஷப்பட்டிருப்பீங்களா?"

ஒவ்வொரு ஜூனிலும் வருகிற அடுத்த வருஷத்து வேலைக்கான அழைப்பு அந்த ஜூனில் வரவில்லை, ஆகஸ்டில் வந்தது. ஸ்டான் ஒரே ஒரு முறை, "உன் பையன் நல்லா வரான்" என்றார். "என் பையன் இல்ல, உன் பையன்" என்றார் வெர்னா.

அந்தப் பையனை வெர்னாதான் கண்டுபிடித்தார் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். ஆட்டம் பார்த்த எல்லாருமே கண்டுபிடித்திருந்தார்கள். வெர்னா செய்தது வேறு. மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்றேகாலுக்கு அவனைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். ஜனவரி அறிக்கையில் ஐந்தடி ஏழு என்று இருந்ததை அடித்து ஐந்தடி பத்தரை என்று எழுதினார். அதன் கீழே, "முதலில் தவறாக எழுதியது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.