இருபத்தைந்தாம் திகதி

ஒலுவிலில் நான் படிப்பித்த மூன்று வருடங்களும் அந்த ஊரில் வேதக்காரி, கிறிஸ்தவள், என்றால் நான் ஒருத்திதான். எங்களுடையது முஸ்லிம் பள்ளிக்கூடம். நீண்ட லீவு நோன்பு மாதத்தில் வரும். அதனால் டிசம்பரில் மற்றப் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடக்க, நாங்கள் பாடம் நடத்திக்கொண்டிருப்போம். கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தாருக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாள். முதல் நாள் பின்னேரம் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய், பூசை கண்டு, அம்மாவின் கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்த ஒரு நாளை நம்பித்தான் வருடத்தின் மிச்ச நாட்களைக் கடத்தினேன்.

ஊர்ச் சனம் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பெருநாளைக்கு என் அறைக்கு வந்து சேரும் சாப்பாட்டைப் பத்துப் பேர் சாப்பிடலாம். ஆனால் தட்டைத் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு தனியே சாப்பிடுவேன். எனக்கும் கலகலப்பான சுபாவம் இல்லை. மூக்கின் மேல் கோபம், போதாததற்கு எல்லாம் அச்சொட்டாக இருக்கவேண்டும் என்ற பிடிவாதம்.

கடைசி வருடத்து டிசம்பரில், எங்களோடு இஸ்லாம் பாடம் படிப்பித்த மௌலவி, ஆசிரியர் அறையில் வைத்துப் பகிடியாகத்தான் கேட்டார். யேசுவை அவர்கள் ஈசா நபி என்பார்கள்.

"டீச்சர், ஈசா நபி பொறந்த நாள் ஒங்கட கிதாபுல எழுதியிரிக்கா?"

"இல்லாமலா கொண்டாடுறம்?" என்றேன்.

"மர்யம் நாச்சியார் பேரீத்த மரத்த உலுக்க, பழம் உழுந்த என்டு எங்கட குர்ஆன்ல இரிக்கி. டிசம்பர்ல பழம் பழுக்குமா டீச்சர்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முகம் மட்டும் எரிந்தது.

அன்று பின்னேரமே நான்கு சுவிசேஷங்களையும் புரட்டினேன். இடையர்கள் இருந்தார்கள், நட்சத்திரம் இருந்தது, மாடு தின்னும் முன்னணைகூட இருந்தது. மாதமும் இல்லை, திகதியும் இல்லை. பெட்டியின் அடியில் கிடந்த திருச்சபை வரலாற்றுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், அது இன்னும் மோசம். முதல் கிறிஸ்தவர்கள் ஆண்டவருடைய மரணத்தையும் உயிர்ப்பையும்தான் நினைவுகூர்ந்தார்களாம். பிறப்புக்கென்று இந்த நாளில் விழா எடுத்தது முந்நூறு வருடங்களுக்குப் பிறகுதானாம். ரோமாபுரியில் சூரியனுக்கு விழா நடந்த நாளையொட்டி வைத்தார்கள் என்று சிலர். மாதா கருத்தரித்ததாகக் கொண்ட மார்ச் மாதத்து நாளிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்று வேறு சிலர். கிழக்கே இருந்தவர்களோ ஜனவரி ஆறாம் திகதியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

புத்தகத்தை மூடிவிட்டேன். வருடம் முழுக்க நான் விரல் மடக்கி எண்ணிய நாள் யாரோ பிறகு யோசித்துப் போட்ட நாள் என்றால், எனக்கு மிச்சம் என்ன? கேட்டுப் பார்க்க ஊரில் இன்னொரு வேதக்காரர் இல்லை.

அந்த வருடம் மாரி அடித்து ஊற்றியது. இருபத்திநாலாம் திகதி வடக்கேயும் தெற்கேயும் வெள்ளம் வீதியை மூடிவிட்டது. மட்டக்களப்பு இருக்கட்டும், பக்கத்தில் கல்முனையில் இருந்த வேதக் கோயிலுக்குப் போகவும் வழியில்லை. நான் அறை எடுத்திருந்த வீட்டுக்காரர்கள் அக்கரைப்பற்றில் ஒரு கலியாணத்துக்குப் போய் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார்கள். நத்தாரன்று காலையில், இல்லாத திகதிக்கு அழுவானேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டு, பழைய சீலையைச் சுற்றிக்கொண்டு, முதலாம் வகுப்புக்கு வந்த விண்ணப்பங்களை எடுத்து விரித்தேன். செபம்கூடச் சொல்லவில்லை.

ஒன்பது மணிபோல, முழங்கால்வரை நனைந்த ஒரு பெண் ஐந்து வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பிள்ளையைச் சேர்க்கவேண்டும், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லை என்றாள். அது எங்களுக்குப் புதிதில்லை. ஐந்து வருடங்களுக்கு முன் ஊரையே அழித்த சூறாவளிக் காலத்தில் பிறந்த பல பிள்ளைகளுக்குப் பதிவே கிடையாது. வேளாண்மை வெட்டின நேரம் என்பார்கள், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தின கிழமை என்பார்கள்; அதைப் பிடித்துக்கொண்டு ஓர் உத்தேசத் திகதியை எழுதுவோம். எத்தனையோ பிள்ளைகளுக்கு நானே அப்படிப் போட்டிருக்கிறேன்.

"எந்த நாள் பொறந்த?"

"தெரியா டீச்சர்."

என் கோபம் முழுவதும் அவள் மேல் பாய்ந்தது. "பெத்த தாய்க்குப் புள்ள பொறந்த நாள் தெரியாதா?"

அவள் கோபிக்கவில்லை. "சூறாவளி அடிச்சி ஒரு மாசம் இரிக்கும். ஊடு இல்ல, ஓலை நாலப் போட்டுட்டுக் கிடந்தன். இவட வாப்பா நிவாரணச் சாமான் எடுக்கப் போயிட்டார். தனியத்தான் பெத்தன். தண்ணிக்கிக் கூப்பிட்டன், ஆரும் வரல்ல. இவள் அழுத சத்தம் கேட்டாப்பொறகுதான் எனக்கு உசிரு வந்த. அந்த நேரத்துல ஆரு டீச்சர் நாள் எண்ணுற?"

பேனையை மேசையில் வைத்தேன். நாள் தெரியவில்லை என்பதற்காக இந்தப் பிள்ளை பிறக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா? இதோ, மேசையில் இருந்த என் பேனையை எடுக்கப் பார்க்கிறது. உண்மையாகவே ஒரு பிள்ளை பிறந்தது என்று நம்பியவர்கள்தான் அதற்கு ஒரு நாளைத் தேடியிருப்பார்கள். அவர்கள் மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இண்டைக்கி என்ன திகதி?" என்று அவளே கேட்டாள்.

"இருபத்தஞ்சு."

"அப்ப அதையே போடுங்க. ஞாபகம் வெச்சிக்க லேசு."

எழுதினேன். "இண்டைக்கு எங்கட நத்தார்," என்று சொல்லவும் செய்தேன். அந்த வருடம் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஈசா நபி பொறந்த நாள்."

"மர்யம் நாச்சியாரும் தனியத்தானே பெத்தாங்க," என்றாள். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். "நீங்களும் தனியவா இரிக்கீங்க டீச்சர்?"

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியின் முன்னால், விண்ணப்பங்களின் மேலேயே குனிந்து, சத்தமாக அழுதேன். அவள் பிள்ளையை என் மடியில் இறக்கி வைத்துவிட்டு, குசினிக்குள் தானாகவே போய் ஒரு கோப்பை தண்ணி கொண்டுவந்து தந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.